கொடுத்த கை வரட்டும்

எண்பதுகளின் நடுவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. கொழுந்து பறிக்கிற குடும்பத்திலிருந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான். பக்கத்து டவுனான தானா ராத்தாவில் டைப்பிங் படித்திருந்ததால் அந்தப் பெட்டி என் தலையில் விழுந்தது. தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரின் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, அடையாளக் கார்டு நம்பர் எல்லாவற்றையும் நான்தான் அதற்குள் ஏற்றினேன். அதைத் திறக்க ஒரு ரகசியச் சொல் வேண்டும். அது வெளியே போனால் என் வேலையும் போகும் என்று தோட்டத்து மேனேஜரான துரை கறாராகச் சொல்லிவிட்டார்.

எனக்குப் பிரசவ நாள் நெருங்கியது. துரையும் லீவில் போகவிருந்தார். "நம்பிக்கையான ஆளிடம் அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டுப் போ" என்றார். அவர் மனதில் இருந்தது ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டதும் தோன்றியது ஆயாக் கொட்டகைதான்.

வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை அந்தக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளை இல்லாதவர்களும் வீட்டுச் சாவியை அங்கே கொடுத்துவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். சாவி செடிக்குள் விழுந்தால் யார் தேடுவது? ஆயா அவற்றைச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருப்பாள். ஆயா என்றதும் கிழவி என்று நினைக்க வேண்டாம், அது வேலையின் பெயர். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். சிரிக்கச் சொன்னால் காசு கேட்கிற முகம். அவளிடம் ஒரே சட்டம்தான்: சாவியை யார் கொடுத்தார்களோ அவர்கள் கையில்தான் திருப்பிக் கொடுப்பாள்.

அந்தச் சட்டத்தால் எனக்கும் அவளுக்கும் ஒரு பழைய சண்டை உண்டு. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஃபேக்டரியிலிருந்து சீக்கிரம் வந்து, நான் விட்டுப்போன சாவியைக் கேட்டிருக்கிறார். "குடுத்த கை வரட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டாள். கொட்டுகிற மழையில் மனுஷன் நனைந்து, காய்ச்சலில் படுத்துவிட்டார். எனக்கு மூக்கு நுனியில் கோபம். "கட்டின புருஷன்னு தெரியாதா உங்களுக்கு?" என்று கொட்டகை வாசலில் நின்று கத்தினேன். ஒரு மாதம் அவள் முகத்தில் விழிக்கவில்லை. ஆனால் ரகசியத்தை எங்கே வைப்பது என்று வந்தபோது கால் தானாக அங்கேதான் போனது.

"இது கம்ப்யூட்டர் சாவி, அக்கா. மனசுல மட்டும்தான் வெச்சுக்கணும்."

"ஆணியில மாட்ட முடியாத சாவியா? சரி, சொல்லு" என்று காதைக் காட்டினாள்.

நான் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, டை கட்டிய ஒருவன் மோட்டார் காடியில் வந்து ஆபீசில் இறங்கினான். கம்ப்யூட்டர் விற்ற கடை அனுப்பியதாம். பெட்டியைச் சோதித்து, ஆட்கள் விவரத்தை டிஸ்கில் ஒரு பிரதி எடுக்க வேண்டுமாம். எங்கள் கிராணி டையைக் கண்டாலே எழுந்து நிற்கிறவர். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ரகசியச் சொல் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, அவரையும் அந்த ஆளையும் அழைத்துக்கொண்டு கொட்டகைக்கே போய்விட்டார்.

"ஆயா, அந்தச் சொல்லைச் சொல்லு. அவசரம்."

"குடுத்தவ வரட்டும் ஐயா."

"அவ ஆஸ்பத்திரியில கெடக்கா. நான் கிராணி, கேக்கறேன் லா."

"நீங்க குடுக்கலையே."

டைக்காரன் பிள்ளைகளுக்கு மிட்டாய் நீட்டினானாம். "தூங்குதுங்க, சத்தம் போடாதீங்க" என்று கதவைச் சாத்தியிருக்கிறாள். கிராணிக்கு அவமானம் தாங்கவில்லை. "துரை வரட்டும், உன் சீட்டைக் கிழிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். இரண்டு பிள்ளைகளோடு அவள் எங்கே போவாள்?

சாயங்காலம் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து இதைச் சொன்னார். நான் கொடுத்த ஒரு சொல்லுக்காக அவள் தெருவில் நிற்பதா? "நான் சொன்னேன்னு சொல்லுங்க. கிராணிகிட்ட சொல்லித் தொலைக்கட்டும்" என்று அவரை ஓட்டினேன். அவர் மறுநாள் வாடிய முகத்தோடு வந்தார்.

"நீ சொன்னன்னு அவங்களுக்கு எப்படித் தெரியுமாம்? நீயே வரணுமாம்."

என் மகள் பிறந்தாள். மகளைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஆயாவின் வீட்டை நினைத்து அழுதுகொண்டிருந்தேன்.

துரை வந்ததும் கிராணி முதல் வேலையாகப் புகார் சொன்னார். துரை கடைக்குப் போன் போட்டார். நாங்கள் யாரையும் அனுப்பவில்லையே என்றார்கள். டைக்காரன் திரும்பி வரவே இல்லை. கொஞ்ச நாளில் மலைக்குக் கீழே இருந்த ஒரு தோட்டத்துக் கதை காதுக்கு வந்தது. அங்கே அப்படி ஒருவன் விவரங்களை வாங்கிப் போயிருக்கிறான். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர்கள் வாசலில் ஆட்கள் வந்து, உன் பெயரில் கடனுக்கு எடுத்த மோட்டார் சைக்கிள் எங்கே என்று கேட்டார்களாம். ஆயாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கிராணி மட்டும் சில நாள் கொட்டகைப் பக்கம் வராமல் சுற்றிப் போனார்.

பிள்ளையோடு வீடு திரும்பிய அன்றே அவளிடம் போனேன். என் காதில் அந்தச் சொல்லை எழுத்துப் பிசகாமல் சொன்னாள். "போனதும் மாத்திடு. ஆளாளுக்கு வந்து கேட்ட சாவி" என்றாள். எங்கள் பக்கம் நன்றி என்று வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் இல்லை. அன்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னேன். எங்கள் லயத்துப் பெயர்கள் எல்லாம் அவள் வாய்க்குள் பத்திரமாக இருந்தன. இன்று வரைக்கும் அந்த நன்றி எனக்குத் தீரவில்லை.

லீவு முடிந்ததும் மகளை அவளிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு நாள் ஆபீசில் நேரமாகிவிட்டது, வெளியே நல்ல மழை. பிள்ளையைத் தூக்கப் போன வீட்டுக்காரர், சொட்டச் சொட்ட வெறுங்கையோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"குடுத்த கை வரட்டுமாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்தான். கம்ப்யூட்டரை மூடிவிட்டு மழையில் இறங்கி நடந்தேன். நான் அவசரப்படவில்லை. பெற்ற அப்பனுக்கே கிடைக்காமல் என் மகள் அங்கே தூங்கிக்கொண்டிருந்தாள்.