கொலைகாரனுக்குப் பெயர் வைப்பவர்

"இன்னா வாறான் பாருங்கோ, பாலுல வெள்ளம் சேக்கிற பகவதியப்பன்!" என்று திரையில் வரும் வெள்ளைக்காரத் திருடனைப் பிரம்பால் தொட்டுக் காட்டுவார் சுயம்பு. புதுக்கடைச் சந்தைக்குப் பக்கத்து ஊமைப்படக் கொட்டகையில் கதை சொல்லி அவர்தான். திரையில் விழும் இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் புரியாது. புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு, அன்றைக்கு யார்மேல் கோபமோ அவர் பெயரைச் சூட்டிவிடுவார். அவருடைய ஜிப்பாவைக் குட்டையாகத் தைத்த ஜெபதாஸ் ஒரு வாரம் முழுக்கத் திரையில் குதிரை திருடினான்.

போன ஓணத்துக்கு வந்தது ஒரு கொலைப்படம். அன்று காலையில்தான் கொப்பரை வியாபாரியான மாமனார் முத்துநாயகம், "இந்த நாய் கொரைக்கிற சோலிக்கா எனக்க மவளக் கெட்டிக் குடுத்தேன்?" என்று கேட்டிருந்தார். பிறகென்ன? கொலைகாரன் பெயர் முத்துநாயகம்! கடைசியில் அவனைத் தூக்கில் போட்டபோது கொட்டகையே எழுந்து விசிலடித்தது. மறுநாள் கொப்பரை வாங்க வந்தவர்கள் மாமனாரின் கழுத்தை எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவர் மகள் தாணம்மாளைக் கையோடு கூட்டிப்போய்விட்டார். "நாலாளுக்கு முன்ன வச்சு என்னத் தூக்குல போட்டவன் நாலாளுக்கு முன்ன வச்சு எறக்கட்டு. அப்பதான் மவள விடுவேன்" என்றார். பாவம், ஒரு வருஷமாக சுயம்பு தானே கஞ்சி வைத்து, தானே கருக்கித் தின்கிறார்.

இந்த ஓணத்துக்கு முதலாளி 'ஆண்டு விழாக் காட்சி' என்று தமுக்கடித்து அதே படத்தைப் போட்டார். முன்பெஞ்சில் மாமனார்; துணி மறைப்புக்கு அந்தப் பக்கம், பெண்களோடு தாணம்மாள். கொலைகாரன் தலைகாட்டியதும் ஜனம் "முத்துநாயகம்!" என்று கூவியது.

சுயம்பு பிரம்பை ஓங்கினார். "சும்மா கெடங்கலே! இவன் பேரு சுயம்பு. மாமனாரப் பழிச்ச மகாபாவி!"

ஜனத்துக்கு யாராயிருந்தால் என்ன, தூக்கு வேண்டும். "சுயம்புவப் போடு!" என்று ஒரே கூச்சல். மாமனார் பெஞ்சில் ஏறி நின்று கைதட்டினார். சுயம்பு அதோடு விட்டாரா? தன்னைத் தானே தூக்குமேடைக்கு நடத்திக்கொண்டு போனார். "கெட்டியவ வச்ச மீன்கறியில உப்பு கூடிப்போச்சுன்னு சட்டிய ஒடச்சவன்! இவன விடப்பிடாது!"

கயிறு கழுத்துக்கு இறங்கியது. பெண்கள் பக்கத்து மறைப்புத் துணி விலகியது. கட்டியவர் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடியாத தாணம்மாள், "நிறுத்துங்கோ! அண்ணைக்கு உப்பு கூடுதல்தான்!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து, படம் ஓட்டும் மெஷினில் வெளிச்சம் வரும் ஓட்டையை இரண்டு கையாலும் பொத்தினாள்.