அடுத்த காம்பரா மாமாமீது ஒரு வழக்கு

என் தந்தையார் பணத்தாசை பிடித்தவர் என்றொரு கதை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்றும் உலவுகிறது. அண்மையில் பதுளையில் ஒரு திருமண வீட்டில், நான் இன்னாரென அறியாத ஒருவர் அதை எனக்கே சுவைபடச் சொன்னார். இந்தியாவுக்குப் புறப்பட்டு நின்ற நண்பனைச் சொற்பக் கடனுக்காகச் சபைக்கு இழுத்தவராம். இழுத்தது உண்மைதான். அன்று உடனிருந்தவர்களுள் இந்நாட்டில் எஞ்சியிருப்பவள் நான் ஒருத்தியே. ஆதலால், கண்டதை எழுதிவைக்கும் கடமை என்னைச் சேர்ந்தது.

நமுனுகுல மலைச்சரிவில் தொழிலாளர்க்கான வரிசை வீடுகளாக இருந்த லயத்தில் எங்களுடையது கடைசி வீடு. வீடு என்பது மரியாதைச் சொல். காம்பரா எனப்படும் ஒற்றை அறை, அவ்வளவே. தாயார் என் நினைவுக்கு எட்டாத வயதிலேயே காலமாகிவிட்டார். அடுத்த காம்பராவில் மாமா குடும்பம் இருந்தது. அவர் உறவுமுறையில் மாமா அல்லர். இளமை முதல் தந்தையாரோடு சேர்ந்து தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். விடியலில் தந்தையார் எழுந்ததும் நடுச்சுவரைத் தட்டுவார். அந்தப் பக்கமிருந்து பதில் தட்டு வரும். பின்னர் இருவரும் ஒன்றாக, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கச் செல்வர். தந்தையார் பேச்சில் பெருஞ்சிக்கனக்காரர். அவர் பேசியவற்றுள் பெரும்பகுதியைக் கேட்டவர் மாமா ஒருவரே.

இந்திய, இலங்கை அரசுகள் எங்கள் மலையக மக்களைப் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. எங்களுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. மாமாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. கடன் வழக்கு உள்ளவரைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்றொரு பேச்சும் அக்காலத்தில் லயத்தில் அடிபட்டது. யார் கிளப்பியதோ, அறியேன். அதன் பின்னரே தந்தையார், சிறு வழக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்க சபையில் முறைப்பாடு கொடுத்தார். மாமா தம் மகளின் சடங்குக்காக எப்போதோ வாங்கிய கடன் அது. அதுவரை ஒருநாளும் தந்தையார் அதைக் கேட்டவரல்லர்.

பீலியில் தண்ணீர் பிடிக்கையில் அத்தை, மாமாவின் மனைவி, வெடித்தார்.

“ஏண்ணே, கூடப் பொறந்தவனாட்டம் இருந்துட்டு, போற நேரத்துலயா இப்படிப் பண்ணுவீங்க? சாகுறப்ப காச மடியில கட்டிக்கிட்டா போகப் போறீங்க?”

தந்தையார் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார்.

விசாரணை நாளன்று வாதியும் பிரதிவாதியும் ஒரே பேருந்தில், ஒரே இருக்கையில் பதுளைக்குச் சென்றனர். என்னை வீட்டில் தனியே விடமுடியாததால் நானும் சென்றேன். அமர்ந்தது பிரதிவாதியின் மடியில்.

“பாப்பா, ஒங்கப்பன் என்னைய மறியல்ல போட்டுப் பூட்டப் போறான். திங்கப் பணிஸ் வாங்கிக்கிட்டு வந்து பாப்பியா?” என்று மாமா கேட்டார். தந்தையார் பேருந்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சபை ஒரு பாடசாலை மண்டபத்தில் கூடியது. தலைவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

“கடன் வாங்கினது உண்மையோ?”

“உண்மைதாங்க,” என்ற மாமா துணி முடிச்சை அவிழ்த்து, பணம் முழுவதையும் மேசைமேல் வைத்தார். கறவைப் பசுவை விற்ற காசு. வழக்கு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். தந்தையார் கையை நீட்டவில்லை.

“மொத்தமா வேணாங்க. மாசம் அஞ்சு ரூவா குடுத்தா போதும்.”

மண்டபம் சிரித்தது. தவணை கேட்டுக் கெஞ்சுவது கடன் வாங்கியவரின் வேலை. கொடுத்தவரே கெஞ்சி அச்சபை கண்டதில்லை.

“என்ன விளையாட்டு இது? அடுத்த கிழமை கப்பலேறுற மனுசன் மாதாமாதம் எப்பிடித் தாறது?”

“அதுக்குத்தாங்க... கடன் தீர்ற வரைக்கும் இங்கனயே இருந்து, வேல செஞ்சு குடுக்கட்டும்.”

இம்முறை தலைவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் தந்தையாரைப் பார்த்தார்.

“ஒரு கடன் வழக்கும் பயணத்தை மறிக்காது, ஐயா. அப்பிடிச் சட்டமே இல்லை. காசை எடும்.”

மாமாவே பணத்தை எடுத்துத் தந்தையாரின் சட்டைப்பையில் திணித்து, “வச்சுக்கடா மச்சான், வச்சுக்க,” என்றார். சபையார் இணக்கம் ஏற்பட்டதாக எழுதிக்கொண்டனர். எனக்கோ வெட்கமாக இருந்தது. முழுப் பணம் முன்னே கிடக்க ஐந்து ரூபாய் கேட்ட தந்தையாருக்குக் கணக்கே தெரியவில்லை என எண்ணினேன். திரும்பும் வழியில் மாமா பணிஸ் வாங்கிக் கொடுத்தார்.

மாமா குடும்பம் கோச்சி ஏறிய நாளில் தந்தையார் ரயில் நிலையத்துக்குச் செல்லவில்லை. மலைக்கு வேலைக்குப் போய்விட்டார். மறுநாள் விடியலில் தந்தையார் நடுச்சுவரைத் தட்டும் ஓசையில் விழித்தேன். சற்றுப் பொறுத்து மீண்டும் தட்டினார்.

“எலியாப்பா?”

“ஆமா பாப்பா, எலிதான். நீ தூங்கு.”

நான் நம்பினேன். ஆளில்லாக் காம்பராவில் எலிகள் பெருகிவிட்டன என்றே கருதினேன். தந்தையார் தனியே எலி விரட்டித் துன்பப்படக் கூடாதென்று, மறுநாள் முதல் நானும் எழுந்து அவரோடு சேர்ந்து சுவரைத் தட்டினேன்.

இடம், முறை, மொழி ஆகியவற்றில் பிழை காண்போர் அன்புகூர்ந்து திருத்துக. மாமாவின் மக்கள் தமிழகத்தில் எவ்வூரில் வாழ்கின்றனரோ அறியேன். அந்தச் சுவரின் மறுபக்கத்தில் இருந்தவர்கள் அவர்கள். விடியலில் அங்கிருந்து வந்த பதில் தட்டைப் பற்றி நான் எழுதியதில் குறையிருப்பின், அதைத் திருத்த அவர்களால் மட்டுமே இயலும்.