கோயிலின் வரலாற்றில் ஒரு வரி

மன்னார்ப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயிலைப் போருக்குப் பிறகு திரும்பக் கட்டி முடித்துவிட்டார்கள். அபிஷேகத்துக்கு ஒரு சிறப்பு மலர் போடுவதாகச் சொல்லி, அங்குள்ள பங்குத்தந்தை கோயிலின் வரலாற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நாலு பக்கம். ஆம்பூரில் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் படித்தேன். பத்து வயதில் அம்மாவோடு படகேறி இங்கே வந்தவள் நான். இப்போது கண்ணாடி இல்லாமல் தையல் மெஷினில் நூல் கோக்க முடியவில்லை.

மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘ஷெல் விழுந்து கூரை சரிந்தபோதும், உள்ளே தஞ்சம் புகுந்த ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. இது புனித அந்தோனியாரின் அற்புதம்.’

என் அப்பா அந்தக் கூரைக்கு அடியில்தான் செத்தார்.

“இன்னாக்கா, சோத்தத் தொடவே இல்ல? ஒடம்பு சரியில்லியா?” என்று பக்கத்து மெஷின்காரி கேட்டாள்.

“அசதிம்மா” என்றேன். அது பொய்யில்லை. ஞாயிறு முழுக்கத் தூங்கினாலும் திங்கட்கிழமை கூடவே எழுந்து வரும் அசதி.

ஷிஃப்ட் முடிந்ததும் பங்குத்தந்தைக்கு ஃபோன் செய்தேன். சின்ன வயசுக்காரர். அப்பா அங்கே செத்ததைச் சொன்னேன்.

“அக்கா, நான் அப்ப பிறக்கவே இல்லை. இதைச் சொன்னவ உங்கட அம்மாதான். போன மாதம் அவவோட கதைச்சனான்.”

கம்பெனி பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. அகதி முகாம்வரை நின்றுகொண்டே வந்தேன். அம்மா டிவி முன்னால் படுத்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

“ஏனம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?”

அம்மா எழுந்து உட்கார்ந்து டிவியை நிறுத்தினாள்.

“அவருக்குக் காய்ச்சல். வீட்டிலயே கிடக்கப் போறன் எண்டு நிண்டவர். நான்தான் விடேல்லை. கோயிலுக்க ஒண்டும் வராது, போய்ப் படுங்கோ, நாங்கள் பின்னால வாறம் எண்டு பாயையும் குடுத்து அனுப்பினனான். வீட்டுக்கு ஒரு கீறலும் விழேல்லை.”

வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். அடுத்த வாரம் அங்கிருந்துதான் நாங்கள் கிளம்பினோம். ஆனால் அப்பா தானாகவே கோயிலுக்குப் போனார் என்றுதான் முப்பது வருடத்துக்கு மேலாக நினைத்திருந்தேன்.

“ஆரும் செத்தவையோ எண்டு அந்தச் சாமியார் ஃபோனில கேட்டார். இல்லை எண்டு சொன்னன். ஒருக்காச் சொல்லிப் பாக்கவேணும் போல இருந்தது, பிள்ளை.”

திட்ட வேண்டும் போலிருந்தது. அதற்கும் தெம்பில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றினேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்த வரியை எடுத்துவிடும்படி பங்குத்தந்தையிடம் சொன்னேன்.

“எடுக்கிறன். அப்பாவின்ட பேரைப் போடட்டோ?”

அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்று இரவே அம்மாவிடம் கேட்டேன். மூன்றாம் நாள் நான் சாப்பாட்டு டப்பாவோடு வாசலைத் தாண்டும்போது உள்ளிருந்து குரல் வந்தது.

“போடச் சொல்லு. பாய் குடுத்த கதை வேண்டாம்.”

அப்படியே அச்சானது. இறந்தவர் ஒருவர், அவர் பெயர், காய்ச்சலாய்ப் படுத்திருந்தார் என்ற விவரம், அவ்வளவுதான். ஃபோனில் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அம்மா எழுத்துக்கூட்டி ஒருமுறை வாசித்தாள். “எழுத்துப்பிழை இல்லை” என்றாள்.

அபிஷேகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரலையில் காட்டினார்கள். பீடத்தில் ஆயர் எண்ணெய் பூசும்போதே அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அசையாமல் கடைசிவரை பார்த்தேன். கூட்டத்தில் ஒருவரையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.