காய்க்காத சங்கஞ்செடி

நாங்குநேரி தாண்டி, நெடுஞ்சாலையோரத்து நாற்றுப்பண்ணையில் போன வாரம் ஒரு தொட்டியைப் பார்த்தேன். முழங்கால் உயரம், கரும்பச்சை இலை, கணுவுக்கு நான்கு முள். எண்ணித்தான் சொல்கிறேன்.

"வெளிநாட்டுச் செடி அண்ணாச்சி, வேலிக்கு அருமையா வரும்" என்றான் விற்கிறவன்.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. காயல்பட்டினத்துக் கடற்கரை மணலில் ஆடுகூட முகர்ந்துவிட்டு ஒதுங்குகிற சங்கஞ்செடி, தொட்டியில் ஏறியதும் வெளிநாடாம்!

"ஏலே, இது ஆணா பெண்ணா?"

"செடில என்ன அண்ணாச்சி ஆணு பொண்ணு?" என்று சிரித்தான். மடையன். தாவரவியல் பட்டத்தோடு நானும் ஒரு காலத்தில் இதே மடையன்தான்.

வள்ளியூரில் ஆசிரியராக இருந்தபோது காயல்பட்டினத்தில் பெண் எடுத்தேன். அங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். சனிக்கிழமைதோறும் பஸ் பிடிப்பேன். புது மாப்பிள்ளைக்கு மறுசொல் கிடையாது. பாயசம் உப்பாக இருக்கிறது என்று நான் சொன்னால் உப்புத்தான். மனைவி முழுகாமல் இருந்தபோது சங்கம்பழம் கேட்டாள். முத்துப்போல வெள்ளைப் பழம். படித்தவன் பழத்தையா பறிப்பேன்? கையில் பதினோரு கீறலோடு, கடற்கரை மூலையில் நின்ற செடியையே வேரோடு பெயர்த்து வந்து கிணற்றடியில் நட்டு, பாடமும் நடத்தினேன். பிள்ளை பிறக்குமுன் காய்க்கும் என்று கணக்கும் சொன்னேன். வீட்டில் ஏழு பேரும் பவ்யமாகக் கேட்டார்கள்.

மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றினார்கள். பூத்தது, காய்க்கவில்லை. மண் சரியில்லை என்றேன், தலையாட்டினார்கள். தண்ணீரில் உப்பு என்றேன், கடலோரத்துச் செடிக்கு! அதற்கும் தலையாட்டினார்கள். மகள் ஓடியாடத் தொடங்கிய பிறகுதான் மனைவியிடம் கேட்டேன்.

"அது ஆம்பளச் செடில்லா. அந்த மூலைச் செடி காய்க்காதுன்னு ஊருக்கே தெரியும்."

"பொறவு ஏன் சொல்லல?"

"ரத்தம் சொட்டச் சொட்டத் தூக்கிட்டு வந்தியளே, எப்படிச் சொல்ல?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பழத்த எங்க காக்கா அன்னைக்கே கொண்டாந்துட்டாவ. அடுப்படில ஒளிச்சு வச்சுத் தின்னேன்." அண்ணனைத்தான் அங்கே காக்கா என்பார்கள்.

கடைசியாகப் போனபோது அந்தக் கடற்கரையில் பதினான்கு சுற்றுச்சுவர் எண்ணினேன். சங்கஞ்செடி ஒன்றுகூட இல்லை. அந்த ஏழு பேரில் ஒருவரும் இல்லை. அவளும் அந்த ஏழில் ஒருத்திதான்.

தொட்டியை வாங்கி வந்து வாசலில் வைத்தேன். மகள் எட்டிப் பார்த்தாள்.

"இதெல்லாம் எங்க காய்க்கப் போவுது, வாப்பா? எதுக்கு வாங்குனிய?"

பொய்க்குத் தலையாட்டக்கூட இவளுக்குத் தெரியவில்லை.