ஆமிக்காரர் போட்டுப் பார்த்த தலைக்கவசம்

யுத்த காலத்தில் நான் பல்லேபொலயில் விஞ்ஞான ஆசிரியர். மாத்தளைக் கண்காட்சிக்காகத் தகரத்தில் விண்வெளி வீரனின் கவச உடை செய்தேன். தலைக்கவசத்துக்குள் மைக்கும் ஸ்பீக்கரும் பற்றரியும் வைத்து, பேசினால் குரல் இயந்திரம் போல முழங்கும்படி அமைத்திருந்தேன்.

பஸ்ஸில் கொண்டுபோனபோது, சோதனைச் சாவடியில் வயர்களைக் கண்ட ஆமிக்காரர் துப்பாக்கியை நீட்டினார். பாடசாலை அதிபரிடம் கடிதம் வாங்காமல் வந்தது என் மடத்தனம். ஆனாலும் என் வேலையில் எனக்கு நம்பிக்கை இருந்தது.

"போட்டுக் காட்டுறேன் சேர்," என்று சிங்களத்தில் சொல்லி, தலையில் மாட்டி "ஆயுபோவன்" என்று வணக்கம் சொன்னேன். குரல் முழங்கியதும் அவர் சிரித்துவிட்டார்.

"எனக்கும் ஒருக்கா தாங்க," என்று வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"அம்மே, நான் நல்லா இருக்கேன். பயப்படாதீங்க."

இயந்திரக் குரலிலும் அந்தத் தழுதழுப்பு கேட்டது.

அதன்பிறகு எந்தச் சாவடியில் இறங்கினாலும், துப்பாக்கியைப் பார்க்கும் முன் அதைப் பிடித்திருப்பவரின் முகத்தையே பார்த்தேன்.