ஒரு துளிக் கால்வாய்த் தண்ணீரும் பிலோமினா அக்காவும்

வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது பிலோமினா அக்காவின் மகள் ஜெனிற்றாவின் அழைப்பு வந்தது. "அன்ரி, அம்மா விடியப்புறம் போயிட்டா." பொறுக்கியதை அப்படியே திரும்பக் கொட்டினேன். "மொகத நோனா வுனே?" என்று கடைக்காரர் கேட்டார். என்ன நடந்தது என்று சொல்ல எனக்குச் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

கொட்டாஞ்சேனைப் பெண்கள் பாடசாலையில் பிலோமினா அக்கா விலங்கியல் படிப்பித்தார், நான் தமிழ். அங்கே அவரிடம் படித்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஓய்வுக்குப் பிறகான அக்காவைத்தான் உங்களில் பலர் அறியமாட்டீர்கள். சீனி வியாதி கண்ணைத் தின்றுவிட்டது. வெள்ளவத்தையில் ஜெனிற்றாவின் மாடி வீட்டுக்கு வந்தபோது அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிஞ்சியிருந்தன. ஆனாலும் யன்னலோரம், ஒரு துளியையும் பெரிதாக்கிக் காட்டும் தன் பழைய நுணுக்குக்காட்டியையும், கால்வாயில் அள்ளிய பச்சைத் தண்ணீர் நிறைந்த ஒரு ஜாம் போத்தலையும் வைத்திருந்தார். கண் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டார். அந்தத் தண்ணீரில் சவுக்குப் போன்ற இழையை வீசி நீந்தும் குட்டி உயிர்களைப் பார்க்க முடியாமற் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"எனக்குப் பதிலா நீர் பாரும்" என்றார்.

முதல் நாளே மானம் போனது. "அக்கா, சவுக்குத் தெரியுது! கறுப்பா, நீளமா, நாலைஞ்சு!" என்று துள்ளினேன். "அது உம்மட இமை மயிர். கண்ணைக் கொஞ்சம் பின்னுக்கு எடும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது.

அடுத்த முறை தமிழ் ரீச்சர் வேலையைக் காட்டினேன். தேருக்கு முன்னால் ஆடிவரும் பிள்ளைகள் மாதிரி என்று தொடங்கினேன். "உவமையை உம்மட வகுப்பிலை வையும். கண்டதைச் சொல்லும். சவுக்கு எந்தப் பக்கம் இருக்கு?" பின்னால் என்றேன். வால் பின்னால்தானே இருக்கவேண்டும். "வெளிச்சத்தைக் குறைச்சுப் போட்டு வடிவாப் பாரும்." குறைத்தேன். சிலந்தி நூலிலும் மெல்லிய ஒன்று முன்னால் துடித்துக்கொண்டிருக்க, பச்சை உடம்பு அதன் பின்னால் சுழன்று சுழன்று வந்தது. அப்படியே சொன்னேன். "ஓம், அதுதான். அது தன்னை முன்னாலை இழுத்துக்கொண்டு போகும்" என்றார். மூடியிருந்த அவருடைய கண்கள் இமைக்குள் அசைந்ததைக் கண்டேன்.

அதன்பிறகு எத்தனையோ பின்னேரங்கள். கடற்காற்று யன்னற்சீலையைத் தூக்கும். கீழே கரையோரமாக ரயில் போகும்போது மேசை நடுங்கும், துளியும் நடுங்கும். உள்ளே அவை ஒன்றும் நடக்காததுபோல வெளிச்சத்தைத் தேடி நீந்திக்கொண்டிருக்கும். "இப்ப வலது பக்கம் ஒண்டு வருது... நிக்குது... திரும்புது" என்று நான் சொல்லச் சொல்ல அக்கா தலையசைப்பார். சொல்லிக்கொண்டே இருக்கும்போது நானும் அந்தப் பச்சைக்குள் இறங்கிவிடுவேன். தேத்தண்ணீர் ஆறிப்போனதை இருவருமே கவனிப்பதில்லை.

பிறகு ஒருநாள் ஜெனிற்றா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். டெங்கு நுளம்பு பார்க்க வீடு வீடாக வருகிறார்கள் என்று பயந்து, அவளுடைய கணவர் போத்தலைக் கழுவிப் பைப் தண்ணீர் நிரப்பிவிட்டாராம். "அவை இருக்கெண்டே சொல்லுங்கோ அன்ரி. அம்மா தாங்கமாட்டா."

ஒரு துளி வைத்துக் குனிந்தேன். வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. அக்கா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு பொய் சொல்ல எனக்கென்ன சொல்லுக்கா பஞ்சம்? ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நாக்குப் புரளவில்லை.

"ஒண்டும் இல்லை, அக்கா."

"தெரியும். போத்தலிலை மணம் இல்லை." பிறகு என் கையைத் தேடிப் பிடித்தார். "இல்லையெண்டு நீர் சொன்னபடியாலைதான், இவ்வளவு நாளும் இருக்கெண்டு சொன்னதெல்லாம் எனக்கு நிசமா இருக்கு."

அழுதுவிட்டேன். மருமகன் வெட்கப்பட்டுப்போய்த் தானே கால்வாயில் தண்ணீர் அள்ளிவந்து, போத்தல் வாயில் துணியும் கட்டிவைத்தார்.

செத்தவீடு கொட்டாஞ்சேனையில் நடந்தது. "நித்திரை கொள்ளுற மாதிரியே கிடக்கிறா" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஜெனிற்றா கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் விறைத்துப்போய் இருந்தாள். என்னைக் கண்டதும், "அப்பிடியோ அன்ரி?" என்று கேட்டாள். பெட்டியருகே போய்ப் பார்த்தேன். அக்கா நித்திரை என்றால் ஒருக்களித்து, வாயைத் திறந்து, குறட்டை விடுகிறவர்.

"இல்லைப் பிள்ளை. நித்திரை இல்லை. அம்மா செத்துப்போனா."

அப்போதுதான் அவள் என் தோளில் விழுந்து அழுதாள்.

நுணுக்குக்காட்டியை எனக்குத் தரப் பார்த்தாள் ஜெனிற்றா. அது அவளிடமே இருக்கட்டும். கண்டதைக் கண்டபடி சொல்ல அக்கா பழக்கிவிட்ட இந்த வாய் எனக்குப் போதும்.