எழுபத்தொன்று டிகிரியும் கிரேசியின் எடையும்

எங்கள் சுசீந்திரத்தில் தங்கையனைத் தெரியாத மெக்கானிக் கிடையாது. தெரிந்து மகிழ்ந்த மெக்கானிக்கும் கிடையாது. மஸ்கட்டில் இருபத்திரண்டு வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவர். எஞ்சினுக்குச் சூடே ஆகாது என்பது அங்கே அவர் படித்துவந்த ஒரே பாடம். எதிர்வீட்டுக்காரன் என்பதால் அதை வாரம் ஒருமுறையாவது கேட்டிருக்கிறேன்.

போன வருடம் அவருடைய டீசல் காரில் தெர்மோஸ்டாட் பழுதானது. எஞ்சினைச் சுற்றும் தண்ணீர் தேவையான சூடு ஏறும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் சின்ன வால்வு அது. கடையில் இரண்டை எடுத்து வைத்தார்கள். எண்பத்தெட்டு டிகிரியில் திறப்பது அந்தக் காருக்கென்றே உள்ளது. மற்றது எழுபத்தொன்றிலேயே திறந்துவிடும். சோடாக் கடையில் நிற்பவரைப் போல, குளிர்ந்ததையே கேட்டு வாங்கினார் தங்கையன்.

லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுத்த வண்டி பதினேழுக்கு இறங்கியது. பங்க்காரனைத் திட்டினார். டயரை மாற்றினார். ஸ்டெப்னி, ஜாக்கி, கால்மிதி எல்லாவற்றையும் இறக்கினார். இறக்க வேறொன்றும் இல்லாதபோது மனைவியைப் பார்த்தார்.

"ஏட்டி கிரேசி, ஒனக்க வெயிட்டுதான் வண்டிய இழுக்க விடமாட்டங்கு. கொஞ்ச நாளு பஸ்ஸில போ."

அவர் மஸ்கட்டில் இருந்த காலமெல்லாம் கிரேசி பஸ்ஸில்தான் போய்வந்தாள். ஞாயிற்றுக்கிழமை முன்சீட்டில் கணவனோடு உட்கார்ந்து அஞ்சுகிராமம் சபைக்குப் போகவேண்டும் என்பதைத் தவிர அவரிடம் வேறெதுவும் அவள் கேட்டதில்லை. அதையும் பிடுங்கிவிட்டார் மனுஷர். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

இரண்டு மாதம் தனியாகப் போனார். மைலேஜ் அதே பதினேழு. இதை மட்டும் ஊரில் யாரிடமும் அவர் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. கடைசியில் வண்டி புகை கக்க ஆரம்பித்ததும் அனில்குமாரின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்; அந்தப் பதினேழு எனக்கே அங்கேதான் தெரிந்தது.

அனில்குமார் வால்வைக் கழற்றிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, டீசல் வண்டிக்கு நல்ல சூடு வேணும். இத மாட்டினா எஞ்சின் ஆறியே கெடக்கும். டீசலு ஒழுங்கா எரியாது, ஆயிலும் கட்டியாவே கெடக்கும். அப்பம் கூடுதலாக் குடிக்கத்தான் செய்யும். ஒங்க ஓட்டமும் பத்து, பன்னெண்டு கிலோமீட்டரு. சூடாவதுக்குள்ள வீடு வந்திரும்."

எண்பத்தெட்டு மாட்டியதும் இருபது திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிறு காலை தங்கையன் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏறு கிரேசி. வண்டி சரியாயிட்டு."

"என்ன கொறையாம்?"

"ஒரு வால்வு."

"அப்பம் எனக்க வெயிட்டு இல்ல."

தங்கையன் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி அது. தப்புப் பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் ஏறியிருப்பாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

கிரேசி பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போனாள், உட்கார இடமில்லை. பஸ்ஸுக்குப் பின்னாலேயே அவர் போனார், லிட்டருக்கு இருபது கொடுக்கிற காரில், தனியாக.